நல்ல பப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? விமர்சகர் சொல்வதையா, கூகுள் ஸ்டாரையா நம்புவது?

கடலைப்பொட்டலம்:

லண்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது, வீடு ஆக்டனில். ஊரில் இருந்தவரை இந்தக் குழப்பமே கிடையாது. டாஸ்மாக்குக்கு யார் ஸ்டார் பார்த்துப் போனார்கள்? எது பக்கத்தில் இருக்கிறதோ, எந்த பாரில் தரை கொஞ்சம் காய்ந்திருக்கிறதோ அங்கே போவோம், அவ்வளவுதான். இங்கே வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் மட்டும் பதினொரு பப் எண்ணினேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. தொங்குகிற பூச்சட்டி, தங்க எழுத்தில் பெயர், வாசலில் கரும்பலகையில் சாக்பீஸில் ஒரு கடி ஜோக்.

போன வாரம் கூகுளில் 4.6 வாங்கிய ஒன்றுக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஆயிரத்துக்கு மேல் விமர்சனம், பாதிப் பேர் சர்வீஸ் பிரமாதம் என்று ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். கிளாஸில் ஈரத்துணி வாசனை, மேஜையில் கை வைத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது, பீர் புளித்துவிட்டதா அல்லது இந்த ஊர்ச் சுவையே இப்படித்தானா என்று கேட்கத் தெரியாமல் முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன். சரி, படித்தவர் பேச்சைக் கேட்போம் என்று மறுநாள் ஒரு பத்திரிகை விமர்சகர் ஆகா ஓகோ என்று எழுதியிருந்த இன்னொரு பப்புக்குப் போனால், மேஜை எல்லாம் சாப்பாட்டுக்கு ரிசர்வ். ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) பீர் வாங்கிக்கொண்டு கோட் மாட்டுகிற கொக்கிக்குக் கீழே நின்று குடித்தேன், போகிற வருகிறவர் கோட்டெல்லாம் என் தலைமேல். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையைத் திரும்பப் படித்தேன். ஆட்டுக்கால் ரோஸ்ட் பற்றி நாலு பத்தி, பீர் பற்றி ஒரு வரி இல்லை.

இந்த ஊரில் நீங்களெல்லாம் யாரை நம்பிப் போகிறீர்கள்?

சுண்டல்:

யாரையும் நம்பாதே, அதுதான் என் கட்சி.

2017இல் ஊபா பட்லர் என்று ஒரு ஆள் டல்விச்சில் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்கிற விமர்சனத் தளத்தில் பதிந்தார். சமையல் கிடையாது, மேஜை கிடையாது, தெரிந்தவர்களை விட்டுப் பொய் விமர்சனம் எழுத வைத்தார், யார் போன் செய்தாலும் இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சில மாதத்தில் அந்தக் கொட்டகை லண்டனிலேயே முதலிடம். கடைசியில் ஒரே ஒரு ராத்திரி திறந்து, கடையில் வாங்கிய ரெடிமேட் சாப்பாட்டைச் சூடாக்கிப் பரிமாறினார். வந்தவர்களில் சிலர் மறுபடி வரலாமா என்று கேட்டார்களாம். போதுமா?

செல்லார்க்காரன்:

சுண்டல் சொன்ன கதை எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் அது மோசடிக் கதை. நான் ஒன்பது வருஷமாக பப் வேலை பார்க்கிறேன். மோசடியே இல்லாமல், எல்லோரும் நேர்மையாக எழுதினாலும் பப் விமர்சனம் ஏன் தப்பிப் போகிறது என்பதைச் சொல்கிறேன்.

லாகர், அதாவது குளிரக் குளிர ஊற்றுகிற சாதாரண மஞ்சள் பீர் என்றால் பெரிய தொல்லை இல்லை, ஃபேக்டரியில் என்ன அடைத்தானோ ஏறக்குறைய அதுதான் கிளாஸில் வரும். காஸ்க் ஏல், அதாவது பீப்பாய்க்குள்ளேயே முதிர்கிற பீர், அப்படி இல்லை. பீப்பாயில் அடைத்த பிறகும் உள்ளே ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். பீப்பாய் வந்ததும் சாய்த்து அசையாமல் கிடத்தி, மேலே ஒரு மரக்குச்சியை அடித்து அடைந்த வாயுவை மெதுவாக வெளியே விட்டு, அடியில் வண்டல் தங்கித் தெளிந்த பிறகுதான் விற்க வேண்டும். திறந்தாகிவிட்டால் ஆயுள் மூன்று நாள், அதற்கு மேல் காற்றுப் பட்டுப் புளிக்கும். கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன, கள்ளுக்கு அந்த மூன்று நாளும் கிடையாது.

இப்போது கணக்குப் போடுங்கள். வழக்கமான சின்னப் பீப்பாயில் 72 பைண்ட். ஒரு பப் கவுண்டரில் எட்டு ஹேண்ட் பம்ப் (பீப்பாய்க்கு ஒன்றாக, கையால் இழுத்து ஊற்றுகிற பம்ப்) வைத்துக்கொண்டு பெருமையடிக்கிறது என்றால் மூன்று நாளில் 576 பைண்ட் ஏல் விற்றாக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் போகிறவர் ஐந்து ஸ்டார் போடுவார், அது நியாயம்தான். செவ்வாய் மதியம் போகிறவர் ஞாயிற்றுக்கிழமைப் பீப்பாயின் அடிமட்டத்தைக் குடித்துவிட்டு ஒரு ஸ்டார் போடுவார், அதுவும் நியாயம்தான். பத்திரிகை விமர்சகர் எந்த நாள் வந்தாரோ அந்த நாளைத்தான் எழுதுவார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அதனால் நான் வேறு ஊருக்குப் போனால் மூன்று பம்ப் வைத்திருக்கிற பப்பைத்தான் தேடுவேன். எட்டு பம்ப்பும் காலியான நாற்காலிகளும் சேர்ந்து கண்ணில் பட்டால் பாட்டில் கேட்பேன்.

அப்புறம் அந்த ஒரு ஸ்டார் விமர்சனங்கள். எங்கள் கடைக்கு வந்ததில் மூன்று வகை உண்டு. முதல் வகை, "பீர் சூடாக இருந்தது". செல்லார், அதாவது பீப்பாய் வைக்கிற நிலவறை, 11 முதல் 13 டிகிரியில் இருக்க வேண்டும், காஸ்க் ஏலை அப்படித்தான் ஊற்ற வேண்டும், ஐஸ் மாதிரிக் குளிரவைத்தால் ருசியே செத்துப்போகும். இரண்டாவது, "நுரையே இல்லை, தட்டையான பீர்". எழுதியவர் பெரும்பாலும் யார்க்‌ஷயர்க்காரராக இருப்பார். வடக்கே பம்ப் மூக்கில் ஓட்டை போட்ட ஒரு சின்ன மூடி மாட்டி நுரை திரண்டு வர ஊற்றுவார்கள், தெற்கே பல கடைகளில் அது இல்லை. மூன்றாவது வகைதான் அதிகம், "ஊழியர்கள் திமிர் பிடித்தவர்கள்". நடந்தது என்னவென்றால் இருபத்தைந்து வயதுக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி, கேட்டோம், இல்லை என்றார், கொடுக்கவில்லை.

ஐந்து ஸ்டாருக்கும் கதை உண்டு. முன்பு நான் இருந்த ஒரு சங்கிலிக் கம்பெனியில் விமர்சனத்தில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவருக்கு மாசம் ஒரு பரிசுக் கூப்பன். பில் கொடுக்கும்போதே "என் பெயரைப் போட்டு எழுதுங்கள்" என்று சொல்லச் சொல்லித்தான் பழக்கினார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. "இன்னார் அருமையாகக் கவனித்தார்" என்று வரிசையாக நாற்பது இருந்தால் அது பரிசுத் திட்டம், அவ்வளவுதான்.

கடலைப்பொட்டலம்:

ஐயோ, நான் போன இடத்தில் வரிசையாக ஒரே பெயர்தான் இருந்தது. ஆமாம், ஆமாம். இப்போதுதான் உறைக்கிறது.

லீட்ஸ் ராசு:

யார்க்‌ஷயர்க்காரன் சார்பில் கண்டனம் தெரிவித்துவிட்டு ஆரம்பிக்கிறேன். நுரை இல்லாத பீர் பீரே இல்லை.

இந்த விவாதத்தில் விமர்சகர், வாடிக்கையாளர் என்று இரண்டே கட்சி இருப்பதுபோலப் பேசுகிறீர்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. காம்ரா என்கிற பீர் குடிப்போர் இயக்கம், 1971இல் நாலு நண்பர்கள் ஆரம்பித்தது. அப்போது பெரிய கம்பெனிகள் காஸ்க் ஏலை ஒழித்துவிட்டு வாயு ஏற்றிய கெக் பீரை எல்லா பப்பிலும் திணித்துக்கொண்டிருந்தன, அதை எதிர்த்துத்தான். அவர்கள் வருஷா வருஷம் குட் பீர் கைடு என்று நல்ல பப்புகளுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறார்கள். 1974இல் முதல் அச்சுப் பதிப்பில் வாட்னீஸ் என்ற பெரிய பீர் கம்பெனியின் பெயருக்கு எதிரே "கொள்ளைநோய் மாதிரி விலகி ஓடு" என்று எழுதி, அச்சகத்தார் வழக்குக்குப் பயந்துபோய் வாசகத்தை மாற்ற வைத்தார்கள். மாற்றியும் என்ன, "என்ன விலை கொடுத்தாவது தவிர்த்துவிடு" என்றுதான் வந்தது. இந்த மாதிரி ஒரு வரியை இன்றைக்கு எந்த விமர்சகர் எழுதுவார்?

நான் இங்கே உள்ளூர்க் கிளையில் உறுப்பினன். வழிமுறை இதுதான். உறுப்பினர்கள் எந்த பப்பில் குடித்தாலும் பீருக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். 0 என்றால் காஸ்க் பீரே இல்லை, 2 என்றால் குறை சொல்ல முடியாது அவ்வளவுதான், 3 நல்லது, 5 என்றால் வாழ்நாளில் சில தடவைதான் போடுவோம். பிப்ரவரி மழையிலும் போவோம், செவ்வாய்க்கிழமையும் போவோம், ஒரே பப்புக்கு வருஷத்தில் பல பேர் பல தடவை போயிருப்பார்கள். அதையெல்லாம் சேர்த்து வைத்துக் கிளைக் கூட்டத்தில் சண்டை போட்டுத் தேர்ந்தெடுப்போம், நாடு முழுக்க சுமார் 4,500 பப். காசு கொடுத்துப் புத்தகத்துக்குள் வர முடியாது. செல்லார்க்காரர் சொன்ன பிரச்சினைக்கு இதுதான் மருந்து, ஒரு நாளை நம்பாமல் பல நாளை நம்புவது.

குறையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முடிவெடுத்துப் புத்தகம் கைக்கு வருவதற்குள் பல மாதம் ஓடிவிடும். நடுவில் பப்பை நடத்துகிறவர் மாறினால் போச்சு, பலகையும் கட்டடமும் அதேதான், பீர் வேறு. ஒவ்வொரு ஊருக்கும் ஒதுக்கீடு உண்டு, அதனால் நல்ல பப் நிறைய உள்ள ஊரில் சில நல்லவை வெளியே நிற்கும்.

வால்தம்ஸ்டோ மல்லி:

ராசு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த மதிப்பெண் போடுகிறவர்கள் யார்? நான் இரண்டு தடவை அந்த மாதிரிக் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டிய ஆண்கள், நல்ல மனிதர்கள், பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூவைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர்கள் 4 போட்ட பப்புக்குத் தனியாகப் போனேன். பீர் நிஜமாகவே அருமை. பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, பின்வாசல் வழியில் விளக்கு இல்லை, கவுண்டரில் ஒருவர் என்னைப் பார்த்து யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று மூன்று முறை கேட்டார். பீருக்குக் காத்திருக்கிறேன் என்றேன்.

இதையெல்லாம் எந்தப் புத்தகமும் எழுதாது, விமர்சகரும் எழுத மாட்டார், அவர் நண்பரோடு போய் பில்லை அலுவலகத்தில் கொடுத்துவிடுவார். எனக்கு இதைச் சொன்னது கூகுள்தான், பின்னால் தேடிப் பார்த்தபோது. மூன்று ஸ்டார் போட்டு ஒரு பெண் எழுதியிருந்தாள், "பீர் நன்றாக இருக்கிறது, தனியாக வராதீர்கள்". ஒரே வரி. நான் அன்றிலிருந்து ஐந்து ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் படிப்பதே இல்லை. மூன்று ஸ்டார் போடுகிறவர்தான் இதையும் சொல்ல வேண்டும் அதையும் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருப்பார்.

லீட்ஸ் ராசு:

மல்லி, கோபம் எல்லாம் இல்லை. தாழ்ப்பாளுக்கு எங்கள் மதிப்பெண் தாளில் கட்டம் கிடையாது, உண்மைதான். அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன். சிரிப்பார்கள், கேட்கிறேன்.

ஹாரோ மாமா:

பிள்ளைகள் கதைக்கிறதை ரெண்டு நாளாய் வாசிச்சுக்கொண்டிருக்கிறன். மல்லி சொன்னதிலிருந்துதான் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் வந்தது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் வந்தனான். அப்ப எங்களுக்கு எந்தப் பப்பில் பீர் நல்லம் எண்டது கேள்வியே இல்லை. கதவைத் தள்ளினால் உள்ளே இருக்கிற சனம் எல்லாம் திரும்பிப் பார்க்குமோ, பார்த்தால் எவ்வளவு நேரம் பார்க்கும், அதுதான் கேள்வி. எனக்கு முந்தி வந்தவைக்கு இன்னும் மோசம். அறுபதுகளில் சில பப்புகளில் கறுப்பருக்கும் எங்கட ஆக்களுக்கும் சில அறைகளில் ஊற்றவே மாட்டினம். 1965 பெப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெத்விக்குக்கு வந்து அதை நேரில் பார்த்தவர், ஒரு பப்பில் அவருக்கும் அதே கதிதான். அந்த வருஷம்தான் பொது இடத்தில் நிறம் பார்த்து மறுக்கிறது பிழை எண்டு சட்டம் வந்தது. சட்டம் வந்தால் முகம் மாறுமோ? மாற இருபது முப்பது வருஷம் பிடிச்சது.

அதனாலதான் பஞ்சாபிக்காரர் பப்புகளை வாங்கித் தாங்களே நடத்தத் தொடங்கினவை. சவுத்ஹாலில் கிளாசி ஜங்ஷன் எண்டு ஒண்டு இருந்தது, இந்திய ரூபாய் குடுத்தே பைண்ட் வாங்கலாம், 2012இல் பூட்டிப்போட்டினம். அங்க ஒரு பக்கம் பெரிய கிளாஸில் பீர், மற்றப் பக்கம் இரும்புத் தட்டில் புகை கிளம்பக் கிளம்ப மிக்ஸட் கிரில், எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சுவிட்டால் கண்ணெல்லாம் எரியும். இப்பிடியான தேசி பப்புகள் எத்தனையோ காலமாய் இருந்தும் பெரிய பத்திரிகைக்காரர் கன பேர் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கடைசியில் 2023இல் டேவிட் ஜேசுதாசன் எண்ட பீர் எழுத்தாளர் தேசி பப்புகளுக்கெண்டே ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார், வெளியிட்டது ராசுவின் ஆக்கள்தான், காம்ரா. ஆக, விமர்சகரால் பிரயோசனம் இல்லை எண்டு சொல்லாதேங்கோ. ஆர் எழுதினது எண்டு பாருங்கோ. எங்களைப்போல கதவடியில் ஒரு நிமிஷம் நிண்டு யோசிச்ச ஆளோ, இல்லையோ?

சுண்டல்:

மாமா, இது ஒன்றுக்காகத்தான் இந்த இழைக்குள் வந்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். வாயை மூடிக்கொள்கிறேன்.

(மூடவில்லை.) ஒன்று மட்டும். ஹார்வர்டில் மைக்கேல் லூக்கா என்பவர் 2011இல் சியாட்டில் உணவகங்களின் வருமானக் கணக்கையும் யெல்ப் என்கிற விமர்சனத் தளத்து மதிப்பெண்ணையும் ஒப்பிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது, அதுவும் தனிக் கடைகளுக்குத்தான், சங்கிலிக் கடைகளுக்கு அந்த விளைவு இல்லை. அதாவது தெருமுனையில் குடும்பமாக நடத்துகிற பப்புக்கு அரை ஸ்டார் என்பது வாடகைப் பணம். அவ்வளவு காசு புரளும் இடத்தில் கள்ளம் நுழையாமல் இருக்குமா? இந்த நாட்டில் 2025 ஏப்ரலிலிருந்து போலி விமர்சனம் போடுவதும் போட வைப்பதும் சட்டப்படி தடை, கம்பெனியின் உலக வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். ஆனால் செல்லார்க்காரர் சொன்ன கூப்பன் வித்தையில் எழுதுகிறவர் நிஜ ஆள், குடித்ததும் நிஜம். அதை எப்படிப் பிடிப்பது?

செல்லார்க்காரன்:

பிடிக்க முடியாது. படிக்கப் பழக வேண்டும்.

நான் பார்க்கிற விதம்: எண்ணைப் பார்க்க மாட்டேன், புதிய விமர்சனம் முதலில் வரும்படி மாற்றிக்கொண்டு, படங்களுக்குப் போவேன். யாராவது ஒருவர் கவுண்டரைப் படம் எடுத்திருப்பார். பம்ப்பில் மாட்டியிருக்கிற பெயர்ச்சீட்டில் ஒன்றிரண்டு பின்பக்கம் திருப்பி வைத்திருந்தால் நல்ல அறிகுறி, பீப்பாய் தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம், சரக்கு ஓடுகிறது. பழைய படத்திலும் புதுப் படத்திலும் கவுண்டருக்குப் பின்னால் அதே முகம் இருந்தால் இன்னும் நல்லது. வாசலில் காஸ்க் மார்க் தகடு, அதாவது காஸ்க் ஏல் தரத்துக்கான சான்று, இருக்கிறதா பார்க்கலாம், 1998இலிருந்து இருக்கிற திட்டம், பப்தான் கட்டணம் கட்டுகிறது, ஆனால் சோதிக்கிறவர் சொல்லாமல் கொள்ளாமல் தெர்மாமீட்டரோடு வருவார். எங்கள் கடைக்கு வந்த நாளில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், ஏதோ சாதாரணக் கிழவர் என்று நினைத்து உட்காருங்கள் ஐயா என்றேன்.

அப்புறம் கடலைப்பொட்டலம், உன் முதல் பதிவில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. புளித்ததா என்று கேட்கத் தெரியாமல் முழுசாகக் குடித்தாயா? இந்த ஊரில் பீர் வினிகர் மாதிரி இருந்தால் கவுண்டருக்கு எடுத்துப் போய், இது சரியில்லை போலிருக்கிறது, பாருங்கள் என்று சொன்னால் போதும். நல்ல பப்பில் முகர்ந்துகூடப் பார்க்காமல் மாற்றித் தருவார்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை. எந்த விமர்சகரும் இதைவிட நன்றாக ஒரு பப்பை உனக்குச் சொல்ல முடியாது. பாதிக்கு மேல் குடித்துவிட்டுப் போகாதே, அது நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில் மூன்று தடவை பாயசம் வாங்கிவிட்டு இனிப்பில்லை என்று சொல்கிற கதை.

வால்தம்ஸ்டோ மல்லி:

மாமா பஞ்சாபி பப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. இஸ்லிங்டனில் 2022இல் தமிழ் பிரின்ஸ் திறந்தபோது பத்திரிகை விமர்சகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, தமிழ் என்ற சொல் ஒரு லண்டன் பப் பலகையில்! அங்கே சமையல்காரர் தமிழர், சாப்பாடு நம்ம சாப்பாடு, கட்டடம் பழைய தெருமுனை பப். அதைப் பாராட்டிய விமர்சகர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது சாப்பாட்டுக் கடை, மேஜை பதிவு செய்து போய்ச் சாப்பிட்டார்கள். கடலைப்பொட்டலத்துக்கு நடந்ததும் இதுதான். சாப்பாட்டு விமர்சனத்தைப் படித்துவிட்டு நிற்க இடம் தேடிப் போயிருக்கிறான். பத்திரிகையில் பப் என்று தலைப்பிட்டு வருவதில் பெரும்பாலும் சாப்பாட்டு விமர்சனம்தான், குடிக்கிற விமர்சனம் கைவிரல் எண்ணிக்கை.

கடலைப்பொட்டலம்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், வேலை. ஆனால் வீட்டுப்பாடம் செய்தேன்.

வேண்டுமென்றே 4.1 வாங்கியிருந்த ஒரு பப்பைப் பிடித்தேன். மல்லி சொன்னபடி மூன்று ஸ்டார் மட்டும் படித்தேன், அப்புறம் விதியை மீறி ஒரு ஸ்டாரும் படித்தேன். "பீர் சூடு", "பாட்டு கிடையாது, கிழவர்கள் மட்டும்", "நாய் என் சிப்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தது". மூன்றாவதைப் படித்ததும் முடிவெடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போனேன். நாலே பம்ப், ஒன்று திருப்பி வைத்திருந்தது. மாமா சொன்ன மாதிரி கதவைத் தள்ளியதும் இரண்டு பேர் திரும்பினார்கள், ஒருவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார். நாய் திரும்பவே இல்லை. கவுண்டரில் இருந்த அம்மா எது வேண்டும் என்றார், தெரியாது என்றேன். சின்னக் கிளாஸில் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இரண்டாவதில் ஏதோ ஆப்பிள் வாசனை மாதிரி இருந்தது. கைகால் நடுங்க, இது இப்படித்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, அந்தப் பம்ப்பின் சீட்டையும் திருப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

செல்லார்க்காரன்:

பெயரைச் சொல்லாதே! இங்கே போட்டுவிடாதே! தனிச் செய்தியில் அனுப்பு.

ஹாரோ மாமா:

எனக்கும் அனுப்பு தம்பி. மெட்ரோபாலிட்டன் லைனில் வரலாமோ, இல்லாட்டி மகனைக் கொண்டு விடச் சொல்லவோ?

கடலைப்பொட்டலம்:

வரலாம் மாமா, ஒரு தடவை ரயில் மாற வேண்டும், அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் ஏழு மணி. ராசு அண்ணா லீட்ஸிலிருந்து வருவதென்றால் நுரை கேட்கக்கூடாது.

லீட்ஸ் ராசு:

கேட்பேன். மல்லி வருகிறாளா? தாழ்ப்பாள் இருக்கிறதா பார்த்தாயா?

கடலைப்பொட்டலம்:

பார்க்கவில்லை, தப்புதான். நாளைக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன்.